ஷோரூம் சர்வீஸா, தெருமுனை மெக்கானிக்கா? பெங்களூரில் பைக்கை யாரிடம் விடுவது

பெங்களூரில் பைக் வைத்திருக்கும் தமிழர்களிடையே இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. வண்டி வாங்கிய ஷோரூம்காரரைத் தவிர வேறு எவரும் அதில் ஸ்பேனர் வைக்கக் கூடாது என்பது ஒரு கட்சி. எலக்ட்ரானிக் சிட்டி, வைட்ஃபீல்டு பக்கம் வேலைக்கு வந்து குடியேறியவர்களில் பலர் இதில் இருக்கிறார்கள். ஊரில் அப்பாவின் வண்டியைப் பார்த்த மெக்கானிக் இங்கே இல்லை. புதிதாக ஒருவரைத் தேடிப் பழக நேரமும் இல்லை. அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், ஸ்ரீராமபுரம் என்று இரண்டு மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் அடுத்த கட்சி. இலவச சர்வீஸ் கூப்பன் தீர்ந்த அன்றே ஷோரூமுக்கும் அவர்களுக்கும் உறவு தீர்ந்துவிடும். "கழுவித் துடைத்துக் கொடுப்பார்கள், பில்லைப் பார்த்தால் நமக்கு வேர்க்கும்" என்பார்கள்.

இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இரு தரப்புமே கடையைப் பார்க்கின்றன, வேலையைப் பார்ப்பதில்லை. ஒரே வண்டியின் ஒரு பழுது ஷோரூமில்தான் தீரும். இன்னொரு பழுது அங்கே போனால் மூன்று மடங்கு செலவாகிப் பாதி தீரும். பைக்குக்குக் கற்பு கிடையாது. எண்ணெய் மாற்ற ஓரிடம், சென்சார் பார்க்க வேறோரிடம் என்று போவதில் யாருக்கும் துரோகம் இல்லை.

ஷோரூமைத் தவிர்க்க முடியாத வேலைகள்

முதலாவது வாரன்ட்டி. நிறுவனத்தைப் பொறுத்து இரண்டில் தொடங்கி ஐந்து ஆண்டு வரை கொடுக்கிறார்கள். அதைக் கேட்டுப் பெறவேண்டுமானால் புத்தகத்தில் குறித்த கிலோமீட்டர் அல்லது மாதம், எது முந்துகிறதோ அதற்குள், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சர்வீஸ் செய்த பதிவு இருக்கவேண்டும். எந்த ஊரில் வாங்கிய வண்டியாக இருந்தாலும் சரி. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ வாங்கித் தமிழ்நாட்டு எண்ணோடு இங்கே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், இலவச சர்வீசுக்காக எல்லை தாண்டி ஊருக்குப் போகவேண்டியதில்லை. (அந்த எண்ணுக்காக ஆர்.டி.ஓ. அதிகாரி நிறுத்துவது தனிக் கதை.) பிரேக் பேட், கிளட்ச் பிளேட் போன்ற தேய்மானப் பொருட்களுக்கு வாரன்ட்டி கிடையாது என்பதையும், டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த நிறுவனமே பொறுப்பு என்பதையும் முன்பே தெரிந்துகொண்டால் கவுன்டரில் வீண் சண்டை மிச்சம்.

வெளியே ஒரு முறை காட்டினாலே வாரன்ட்டி போய்விடும் என்று சர்வீஸ் அட்வைசர்கள் மிரட்டுவதுண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக உத்தரவிட்டபோது இந்த மிரட்டலைத் தொட்டது. வெளி மெக்கானிக்கிடம் போன ஒரே காரணத்துக்காக வாரன்ட்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளியே செய்த வேலையால்தான் சேதம் வந்தது என்றால் அந்த அளவுக்கு மறுக்கலாம் என்பது அதன் சாரம். அது கார்களைப் பற்றிய வழக்கு. பிறகு மேல்முறையீடுகளும் நடந்தன. சர்வீஸ் கவுன்டரில் நின்று அதை எடுத்துச் சொல்வதால் உங்கள் வண்டியின் கிளட்ச் சரியாகிவிடாது. வாரன்ட்டி இருக்கும்வரை குறித்த கால சர்வீஸ்களை அங்கேயே முடித்துவிடுவது தலைவலி இல்லாத வழி.

இரண்டாவது, மின்னணு சார்ந்த பழுது. 2020 ஏப்ரல் 1 முதல் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி வந்ததும் அன்றாட வண்டிகளில்கூடக் கார்புரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பே 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது. 2023 ஏப்ரலில் தன் கோளாறைத் தானே பதிவு செய்துகொள்ளும் ஓ.பி.டி. அமைப்பின் அடுத்த கட்டமும் வந்தது. இப்படிப்பட்ட வண்டி சிக்னலில் நின்றதும் அணைந்து அணைந்து போகிறது என்று வையுங்கள். பழைய பழக்கத்தில் மெக்கானிக் பிளக்கை மாற்றுவார், த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்வார், ஏர் ஃபில்டரைத் தட்டுவார். இவற்றில் ஒன்று பலிக்கவும் செய்யலாம். பலிக்காவிட்டால், இன்ஜின் செக் விளக்கு எரிந்துகொண்டே இருக்க, அவர் அடுத்து எதையெல்லாம் கழற்றுவாரோ தெரியாது. நிறுவனத்தின் ஸ்கேனரைப் பொருத்தினால் எந்த சென்சாரின் கணக்கு தவறுகிறது என்று சில நிமிடங்களில் குறியீடாக வந்துவிடும். இன்ஜின் செக் விளக்கோ ஏ.பி.எஸ். விளக்கோ எரிந்தால், வேறு யோசனை வேண்டாம், அங்கீகரிக்கப்பட்ட இடம்தான்.

மூன்றாவது ரீகால். தயாரிப்பில் குறை இருப்பதாக நிறுவனமே அறிவித்துத் திரும்ப அழைக்கும் வண்டிகளுக்கு வேலை இலவசம். வாரன்ட்டி முடிந்திருந்தாலும் இலவசம். சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும், ஏனென்றால் அழைப்பு பழைய உரிமையாளரின் கைப்பேசிக்குத்தான் போயிருக்கும். நான்காவதாக விபத்துக் காப்பீடு: கையிலிருந்து பணம் கட்டாமல் பழுது பார்க்க வேண்டுமானால் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள கடைக்குப் போகவேண்டும், அவற்றில் ஷோரூம்கள் அதிகம்.

ஷோரூம் சறுக்கும் இடம்

குறை பெரும்பாலும் தொழில்நுட்ப அறிவில் இல்லை. உங்களிடம் பேசுபவர் ஒருவர், வண்டியில் கை வைப்பவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவே ஒரு தாள்தான் இருக்கிறது. சர்வீஸ் அட்வைசருக்குக் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் வரிசையாக வண்டிகள் வருகின்றன. சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். புதிய வண்டி விற்பதில் டீலருக்கு நிற்கும் லாபம் மெல்லியது. சர்வீசும் உதிரிபாகமும் காப்பீடும் சேர்ந்துதான் கடையைத் தாங்குகின்றன. அதனால் அட்வைசருக்கு மாதக் கணக்கு ஒன்று இருக்கும். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருடைய நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் "கோட்டிங் போட்டுவிடலாமா சார்?" என்றுதான் கேட்பார்கள்.

ராமமூர்த்தி நகரில் இருக்கும் நண்பர் ஒருவரின் 150 சி.சி. வண்டியில் வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டக்' என்று சத்தம் வந்தது. ஷோரூமில் முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க்கையும் பிரித்து ஆயில் சீல், புஷ், ஆயில் எல்லாம் மாற்றவேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவே இல்லையே என்று அவருக்குச் சந்தேகம். அல்சூரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். அவர் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன்சக்கரம் தரையில் படாதபடி பின்னால் ஒரு பையனை அமுக்கச் சொல்லி, ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். கைப்பிடித் தண்டின் கழுத்தில் ஆட்டம் தெரிந்தது. ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பியபோது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தடுக்கியது. அந்தக் கழுத்திலுள்ள பேரிங், அதாவது கோன் செட், தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பெங்களூரின் குழிகளில் ஓடும் வண்டிக்கு அது இயல்பாக வரும் தேய்மானம். செலவு ஷோரூம் சொன்னதில் சிறு பகுதி.

ஷோரூமில் இருந்த டெக்னீஷியனுக்கு இது தெரியாதா? நிச்சயம் தெரிந்திருக்கும். வண்டியை ஓட்டிப் பார்க்க அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. தாளில் 'ஃபோர்க் சத்தம்' என்று வந்தது, ஃபோர்க்குக்கு எஸ்டிமேட் போட்டார்.

அதனால் ஷோரூமை நம்புவதா என்ற கேள்விக்கு முன் அந்தத் தாளை, ஜாப் கார்டை, நம்பும்படி எழுதவைப்பது முக்கியம். இதில் நான் கறார். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். எந்த வேகத்தில், எந்த கியரில், இன்ஜின் சூடாக இருக்கும்போதா காலையில் கிளப்பியவுடனா, பிரேக் பிடித்தால் கூடுகிறதா குறைகிறதா என்று நான்கு விவரமாவது தாளில் ஏறவேண்டும். "மூன்றாவது கியரில் 40க்கு மேல் போனால் இடது பக்கம் 'கரகர' என்கிறது" என்பது ஒரு மெக்கானிக்குப் போதுமான வழி. "வண்டி சரியில்லை" என்பது யாருக்கும் வழியில்லை. மொழி இங்கே உண்மையான தொல்லை. அட்வைசர் கன்னடத்திலோ இந்தியிலோ கேட்பார், நாம் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்வோம், அவர் தனக்குப் புரிந்ததைக் கணினிப் பட்டியலில் தேடித் தேர்ந்தெடுப்பார். சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுபோங்கள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். முடிந்தால் ஃப்ளோர் சூப்பர்வைசரைப் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். மறுக்கிற கடையும் உண்டு, ஒப்புக்கொள்கிற கடையும் உண்டு. எது நல்ல ஷோரூம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த சிறந்த சோதனை இதுதான். ஏ.சி. அறையும் இலவச காபியும் எதையும் காட்டாது.

அடுத்தது எஸ்டிமேட். அதற்கு மேல் எந்தச் செலவு வந்தாலும் போனில் கேட்டுவிட்டுச் செய்யவேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லலாம். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்தால் மாற்றாத பாகத்தை மாற்றியதாகச் சொல்வது கடினம். வாரன்ட்டியில் மாற்றிய பாகம் மட்டும் நிறுவனத்துக்குப் போகும், அதைக் கேட்டால் தர மாட்டார்கள், அது முறைதான்.

பில்லில் கண் வைக்கவேண்டிய வரிகள்

இலவச சர்வீஸ் என்றால் கூலிதான் இலவசம். இன்ஜின் ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஏமாற்று வேறு வரிகளில் ஒளிந்திருக்கும்: இன்ஜின் ஃப்ளஷ், ஆயிலில் கலக்கும் ஏதோ ஒரு திரவம், பெட்ரோல் டேங்க்கில் ஊற்றும் இன்னொரு திரவம், டெஃப்லான் பாலிஷ், துருத் தடுப்புப் பூச்சு. உரிமையாளர் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையைத் திறந்து பாருங்கள், அதில் இல்லாதது எதுவும் வண்டிக்கு அவசியமில்லை. ஆயிலில் கலக்கும் பொருட்கள் சில கெடுதலும் செய்யும். பைக்கின் கிளட்ச் அதே இன்ஜின் ஆயிலில் நனைந்தபடி வேலை செய்கிறது. உராய்வைக் குறைக்கும் திரவத்தை அதில் சேர்த்தால் கிளட்ச் வழுக்கும்.

உதிரிபாகத்துக்கு எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்த விலை. பாக்கெட்டில் ஒரு விலை, பில்லில் அதன்மேல் ஜி.எஸ்.டி. என்று வந்தால் கேள்வி கேளுங்கள், சட்டம் உங்கள் பக்கம். கூலிக்கு 18 விழுக்காடு வரி தனியாக வருவது சரி. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கும் 28 குறைந்து 18 ஆகிவிட்டது.

வாட்டர் வாஷும் ஒரு வரி. மாலை நாலு மணிக்குப் பளபளவென்று நிற்கும் வண்டியைப் பார்த்ததும் நம் சந்தேகமெல்லாம் தணிந்துவிடுகிறது. ஷோரூம்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதிக அழுத்தத் தண்ணீர் சக்கர பேரிங்கிலும் மின் இணைப்புகளிலும் புகுவது நல்லதில்லை, செயினில் இருந்த எண்ணெய்ப் பசையும் போய்விடும். கழுவிய பிறகு செயினுக்கு மசகு எண்ணெய் போட்டார்களா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பாதி இடங்களில் விரல் காய்ந்தே வரும்.

தெருமுனை மெக்கானிக்

இவரிடம் பேசினால் வண்டியில் கை வைப்பவரிடமே பேசுகிறீர்கள். "அண்ணே, நேற்று மழையில் நனைந்ததிலிருந்து மிஸ்ஸிங் அடிக்கிறது" என்றால் அவருக்கு முழுக் கதையும் புரியும். பிரேக் ஷூ, டிஸ்க் பேட், செயின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் கேபிள், கோன் செட், சக்கர பேரிங், பஞ்சர், பல்பு, பழைய கார்புரேட்டர் வண்டிகளின் எல்லா வேலையும் இவரிடம் கொடுக்கலாம். டேப்பட் (வால்வு இடைவெளி) பார்ப்பதும் 100, 125 சி.சி. வண்டிகளில் இவருக்குக் கைவந்த வேலை. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கிறாரா, காது வைத்தே முடித்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். திருகாணி வைத்துச் சரிசெய்யும் வகைக்குத்தான் இது பொருந்தும். இரட்டைக் கேம்ஷாஃப்ட் வைத்த வேகமான வண்டிகளில் ஷிம் என்ற சிறு தகட்டை மாற்றவேண்டும், கேம்ஷாஃப்ட்டையே கழற்றவேண்டியிருக்கும். அதைத் தெருவோரத்தில் திறக்க விடாதீர்கள்.

இவருடைய பலவீனங்கள் மூன்று. ஒன்று, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இருக்காது. ஆக்ஸில் நட்டையும் ஆயில் வடிக்கும் போல்ட்டையும் கைவலு கொண்டு இறுக்குவார். அலுமினிய உறையில் மரை பிய்ந்துபோனால் பிறகு லேத் பட்டறைக்கு ஓடவேண்டும். இரண்டு, ஆயில். பைக்குக்கு ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறியுள்ள ஆயில் வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்.பி. வகை. டிரம்மிலிருந்து பிடித்த ஆயிலை அவர் ஊற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். கையேட்டில் சொன்ன பிசுப்புத் தரத்தில் சீல் உடையாத டின்னை நீங்களே வாங்கிக் கொடுத்து, காலி டின்னையும் அங்கேயே நசுக்கிவிடுங்கள். காலி டின்களுக்கு நல்ல விலை கிடைப்பது எதனால் என்று விளக்கவேண்டியதில்லை. மூன்று, பாகங்கள். "கம்பெனி ஐட்டம்தான் சார்" என்ற சொல்லை நம்பவேண்டியதில்லை, ஜே.சி. ரோடு பக்கத்திலேயே இருக்கிறது.

ஜே.சி. ரோடும் அதை ஒட்டிய சந்துகளும் இந்த நகரத்தின் உதிரிபாகக் களஞ்சியம். அங்கே ஒரே பாகம் மூன்று விதமாகக் கிடைக்கும்: வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வருவது, அந்த நிறுவனத்துக்கே பாகம் செய்து கொடுக்கும் உற்பத்தியாளர் தன் பெயரில் விற்பது, பெயர் தெரியாத பெட்டியில் வருவது. இரண்டாவது வகை செயின், பேரிங், பிளக் போன்றவற்றுக்கு மிக நல்ல பேரம். தரம் கிட்டத்தட்ட அதே, விலை குறைவு. மூன்றாவதைப் பிரேக்கில் போடாதீர்கள். பாகத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், பில் கேளுங்கள். சனிக்கிழமை மதியம் வண்டி நிறுத்த இடம் தேடுவதற்குள் அந்தப் பேரம் கசந்துவிடும் என்பதால் வார நாளில் போவது நல்லது.

நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? கடை முன் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். உங்கள் மாடல் இரண்டு மூன்று நின்றால் நல்ல அறிகுறி. அதைவிட முக்கியம், "இது என்னால் முடியாது, ஷோரூமுக்குக் கொண்டுபோங்கள்" என்று எப்போதாவது சொல்கிறாரா என்பது. எல்லாம் தெரியும் என்பவரிடம் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டியைக் கொடுக்க எனக்குத் தைரியம் கிடையாது.

இரண்டுக்கும் நடுவே ஒன்று

பலர் கவனிக்காத ஒரு வகை இருக்கிறது, என் ஓட்டு அதற்குத்தான். பெரிய டீலரின் ஷோரூமோடு ஒட்டாத, சர்வீஸ் மட்டும் செய்யும் சிறிய அங்கீகரிக்கப்பட்ட மையங்கள். மக்கள் அதிகம் ஓட்டும் பெரிய நிறுவனங்களுக்கு நகரத்தின் உள்தெருக்களில் இப்படி மையங்கள் உண்டு. முன்பு தெருமுனையில் கடை வைத்திருந்த மெக்கானிக்கே அங்கீகாரம் வாங்கி நடத்துவதும் உண்டு. நிறுவனத்தின் இணையதளத்தில் டீலர் பட்டியலோடு சர்வீஸ் மையப் பட்டியலையும் தனியாகத் தேடிப் பாருங்கள்.

இங்கே முதலாளி தரையில் நிற்பார். ஸ்கேனர் இருக்கும், கம்பெனி பாகம் வரும், சர்வீஸ் பதிவு கணினியில் ஏறும், வாரன்ட்டி வேலையும் பெரும்பாலும் நடக்கும். வண்டி விற்கும் நெருக்கடி இல்லாததால் கோட்டிங் பேச்சு குறைவு. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேலையைப் பார்க்க விடுவார்கள். பெரிய ஷோரூமில் 'காப்பீட்டுக் காரணங்களுக்காக' உள்ளே விடாத இடம் அது. குறை என்றால், அரிதான பாகம் வரச் சில நாள் ஆகும், இன்ஜின் பாதியைப் பிரிக்கும் பெரிய வாரன்ட்டி வேலையை டீலரிடமே அனுப்பிவிடுவார்கள். எல்லா நிறுவனங்களுக்கும் இந்த ஏற்பாடு இல்லை. விலை கூடிய வண்டி நிறுவனங்களின் மையங்கள் பிரதான சாலைகளில் நான்கைந்துதான் இருக்கும், எஜிபுராவில் இருப்பவர் மாரத்தஹள்ளி வரை போகவேண்டியிருக்கும்.

மற்றவை, சுருக்கமாக

பழைய வண்டிக்காரர்களுக்கு ஷோரூம் என்ற கேள்வியே எழுவதில்லை. மைசூரில் எஸ்டி பைக் செய்த தொழிற்சாலை 1996இல் மூடியது, யமஹா ஆர்.எக்ஸ்.100 தயாரிப்பும் அதே ஆண்டோடு நின்றது. இரண்டுக்கும் பெங்களூரில் இன்னும் தனி மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களிடம் நேரம் வாங்குவது கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு செய்வதுபோல. இப்போது பம்புகளில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் கெடுக்கும் என்பதால், அவர்களிடம் போகும்போது அவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். நீண்ட நாள் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியில் பெட்ரோல் தேங்க விடாதீர்கள்.

வீட்டு வாசலுக்கே வந்து சர்வீஸ் செய்யும் ஏற்பாடு ஆயில் மாற்ற, செயின் இறுக்க, பேட்டரி மாற்றப் போதும். அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் ஆயில் சிந்துவதை அசோசியேஷன்காரர்கள் பொறுத்துக்கொள்வார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் வருவதால் கண்டுபிடிக்கவேண்டிய பழுதை இவர்களிடம் ஒப்படைப்பதில் பயனில்லை.

மின் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு என்று எதுவும் இல்லை. பேட்டரியும் மென்பொருளும் நிறுவனத்தின் கையில். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு மின் ஸ்கூட்டர் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அந்த ஒரு நிறுவனத்தைப் பற்றி மட்டும் வந்திருந்த புகார்கள் பத்தாயிரத்துக்கும் மேல். வாங்குவதற்கு முன் உங்கள் பகுதி சர்வீஸ் மையத்தின் வாசலில் எத்தனை வண்டிகள் காத்து நிற்கின்றன என்று ஒரு மாலை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த வரிசை விளம்பரத்தைவிட அதிகம் சொல்லும்.

எந்த வண்டிக்கு எது

வாரன்ட்டியில் இருக்கும் புதிய வண்டி என்றால் சிறிய அங்கீகரிக்கப்பட்ட மையம். அது இல்லாவிட்டால் ஷோரூம், ஆனால் வார நடுவில். வாரன்ட்டி முடிந்த பி.எஸ்.6 வண்டி என்றால் தேய்மான வேலைகளை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு முறை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் ஸ்கேன் செய்து, டாட் 4 பிரேக் ஆயிலையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், மெக்கானிக்கும் மறந்துவிடுவார், நாமும் மறந்துவிடுவோம். 2020க்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிக்கு ஷோரூமில் இனிச் செலவழிப்பது வீண். அங்கே இருக்கும் இளம் டெக்னீஷியன்களில் பலருக்குக் கார்புரேட்டர் பழக்கமே இல்லை. விற்கப்போகும் வண்டி என்றால் மட்டும் ஷோரூமின் முழு சர்வீஸ் பதிவுக்கு மதிப்பு உண்டு, வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இதில் எந்த வழியில் போனாலும் ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். ஷோரூமில் வேலை கெட்டால் உங்கள் கையில் ஜாப் கார்டும் வரி பில்லும் இருக்கும். முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுத்தில் புகார்; ஜாப் கார்டு எண்ணைப் போட்டு எழுதினால் டீலரிடமிருந்து வியப்பூட்டும் வேகத்தில் போன் வரும். அங்கே தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதற்கும் மேல் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையம். வண்டியை ஓசூரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடமான பெங்களூரிலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. குறை நேர்ந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போகவேண்டும். தெருமுனை மெக்கானிக்கிடம் இவை எதுவும் பலிக்காது, பில் இல்லை. அவரிடம் வேலை கெட்டால் வண்டியை அவர் கடை முன் நிறுத்தி "அண்ணே, இது சரியாகவில்லையே" என்று சொல்லவேண்டியதுதான். நல்லவர் என்றால் கூலி கேட்காமல் அன்றே பிரிப்பார். அப்படிப் பிரிக்காதவரிடம் அடுத்த முறை பஞ்சருக்குக்கூடப் போகாதீர்கள்.